ஒருபரிமாணமா, இருபரிமாணமா: ஆற்றுக்கு எந்த மாதிரி?

ஆற்று வெள்ளத்தைக் கணினியில் கணக்கிடும் ஒருபரிமாண மாதிரியில் தண்ணீர் போகும் வழியை நாம்தான் முன்கூட்டியே வரைந்து கொடுக்கிறோம். இருபரிமாணத்தில் அதைத் தரையின் மேடுபள்ளம் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். எதைத் தேர்வது என்ற கேள்வியையும் இங்கிருந்தே தொடங்க வேண்டும். மென்பொருளைப் பார்த்துத் தொடங்கினால் தவறிவிடுவோம். ஆற்று ஓட்டத்தைக் கணக்கிடும் எச்இசி-ராஸ் மென்பொருள் 2016-இல் வந்த 5.0 பதிப்பிலேயே இருபரிமாணக் கணக்கைச் சேர்த்துக்கொண்டது. ஒரே மென்பொருளில் இரண்டும் கிடைப்பதால், பலர் யோசிக்காமலே இருபரிமாணத்துக்குப் போய்விடுகிறார்கள்.

ஒருபரிமாணத்தின் வேர் 1871-இல் பிரெஞ்சு அறிஞர் செயின்ட் வெனான் நீரோட்டத்துக்கு எழுதிய சமன்பாடுகள். ஆற்றின் நெடுகக் குறுக்குவெட்டுகளை, அதாவது கரையிலிருந்து கரைவரை ஆற்றின் வடிவத்தை, அளக்கிறோம். ஒவ்வொரு குறுக்குவெட்டுக்கும் ஒரே ஒரு நீர்மட்டம்தான். தண்ணீர் கரைக்குள் அடங்கி ஓடும் வரை இந்த எளிமை போதும். பள்ளத்தாக்கில் ஓடும் ஆறு, கால்வாய், அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் இருநூறு கிலோமீட்டர் கீழே எப்போது போய்ச் சேரும் என்ற கணக்கு, இதற்கெல்லாம் இருபரிமாணம் தேவையில்லை. கணக்கு சீக்கிரம் முடிவதால், முப்பது ஆண்டு நீரோட்டத்தை ஓட்டிப் பார்க்கலாம். ஆற்றுப்படுகையின் சொரசொரப்பை மாற்றி மாற்றி நூறு முறை ஓட்டி, விடை எவ்வளவு ஊசலாடுகிறது என்றும் அறியலாம். இந்த வசதியைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சிக்கல் கரை தாண்டும்போது வருகிறது. வெள்ளம் ஏறும் நேரத்தில் ஆற்றுக்குள் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். கரைக்கு அப்பால் வயல்வெளியில் தண்ணீர் அப்போதுதான் பரவத் தொடங்கியிருக்கும். ஒரே நீர்மட்டம் என்று வைக்கும் மாதிரி, நாம் தனியாகச் சொல்லாவிட்டால், கரைக்கு அப்பாலுள்ள பள்ளத்தையும் அதே நொடியில் நிரப்பிவிடும். தேங்கும் அளவு தவறும், அதனால் கீழ்ப்பகுதியின் உச்ச வெள்ளமும் தவறும். வெளியேறிய தண்ணீர் தனக்கென ஒரு பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, சில கிலோமீட்டர் தள்ளி ஆற்றில் வந்து சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். குறுக்குவெட்டுக் கோட்டை ஓட்டத்துக்குச் செங்குத்தாக வரைய முடியாமல் வளைத்து வளைத்து வரைகிறீர்களா? அங்கே தண்ணீர் ஒரே திசையில் போகவில்லை என்று அர்த்தம். அப்போது இருபரிமாணத்துக்கு மாறிவிடுங்கள். கரை உடைப்பு, கழிமுகம், தெருக்களுக்குள் பிரிந்து ஓடும் நகர வெள்ளம் ஆகியவையும் அப்படியே.

சரி, எப்போதும் இருபரிமாணத்தையே எடுத்துக்கொண்டால் என்ன? முதல் தடை கணக்கு நேரம். இருபரிமாணத்தில் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறோம். கட்டத்தின் அளவைப் பாதியாக்கினால் கட்டங்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும். ஒரு கணக்குக்கும் அடுத்த கணக்குக்கும் இடையிலான கால இடைவெளியையும் பாதியாகக் குறைக்க வேண்டியிருக்கும். ஆக, வேலை எட்டு மடங்கு. ஆனால் கணினிகள் வேகமாகிவிட்டன. அதனால் இதைவிடப் பெரிய தடை நிலத்தரவுதான். எஸ்ஆர்டிஎம் போன்ற, விண்வெளியிலிருந்து அளந்த உயரத் தரவில் பிழை சில மீட்டர் வரை போகலாம். சமவெளியில் வெள்ளத்தின் ஆழமே ஒரு மீட்டர் என்றால், அந்தத் தரவின் மேல் ஓட்டிய இருபரிமாணப் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பத்தக்கதல்ல. நல்ல குறுக்குவெட்டுகள் கையில் இருந்தால், அந்த இடத்தில் நான் ஒருபரிமாணத்தையே எடுப்பேன்.

விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தின் உயரத்தை அளக்கும் லைடார் தரவு கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. வழக்கமான லைடார் தண்ணீரை ஊடுருவாது. ஆற்றின் அடித்தளத்துக்குப் பதிலாக நீர்ப்பரப்பையே தரையாகப் பதிந்துவிடும். அதை அப்படியே பயன்படுத்தினால் ஆற்றின் கொள்ளளவு குறைந்து, வெள்ளம் மிகையாகத் தெரியும். எனவே படகில் போய் ஆழம் அளந்து, அதை நிலத்தரவோடு இணைக்க வேண்டும். குறுக்குவெட்டுச் சர்வேயிலிருந்து தப்பிக்கவே இருபரிமாணத்துக்கு வந்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம், சாலை மேடும் ஏரிக்கரையும் கட்டங்களின் விளிம்போடு பொருந்தி அமைய வேண்டும். ஒரு கட்டத்தின் நடுவில் கரை புதைந்துபோனால், மாதிரியில் தண்ணீர் கரையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும்.

சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் எண்ணிலும் கவனம் தேவை. ஒருபரிமாணத்தில் சரிசெய்த எண்ணுக்குள் வளைவுகளில் ஏற்படும் இழப்பும் ஒளிந்திருக்கிறது. அந்த இழப்பில் ஒரு பகுதியை இருபரிமாணம் தானே கணக்கிடுகிறது. எண்ணை அப்படியே எடுத்துப்போட்டால் ஒரே இழப்பு இரண்டு முறை சேர்ந்து நீர்மட்டம் கூடுதலாக வரும். பாலத்தூணைச் சுற்றி ஏற்படும் அரிப்புச் சுழல்களை இரண்டில் எதுவும் நேரடியாகக் காட்டாது. இருபரிமாணமும் ஆழத்துக்குச் சராசரி வேகத்தைத்தான் தருகிறது.

ஆற்றை ஒருபரிமாணமாகவும் வெள்ளச் சமவெளியை இருபரிமாணமாகவும் வைத்து, கரையைப் பக்கவாட்டு வழிந்தோடியாக, அதாவது தண்ணீர் மேலே வழிந்து வெளியேறும் தடுப்பாக, வைத்து இரண்டையும் இணைப்பது பெரிய சமவெளி ஆறுகளுக்கு நான் அதிகம் விரும்பும் வழி. சர்வே செய்த இடத்தில் சர்வே பயன்படும், தண்ணீர் அலையும் இடத்தில் அதற்கு விடுதலை கிடைக்கும். இதில் கவனிக்க வேண்டியது வழிந்தோடியின் குணகம், அதாவது எவ்வளவு தண்ணீர் வழியும் என்பதைத் தீர்மானிக்கும் எண். இயற்கைக் கரையைத் தாண்டி மெல்லப் பரவும் நீருக்கு, அணைக்கட்டு வழிந்தோடிக்கு வைக்கும் எண்ணைவிட மிகக் குறைவாக வைக்க வேண்டும். இல்லையென்றால் தேவைக்கு மேல் தண்ணீர் வெளியேறி, இணைப்பு வரும் இடத்தில் நீர்மட்டம் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கும்.