டாங்கிலிருந்து பெற்றோல் இறக்க: அவுட்போட் எஞ்சின் பல்ப்

மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடியில் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிற சின்னக் கராஜ் என்னுடையது. படுவான்கரைத் தோட்டங்களிலிருந்து வரும் பம்புகளில் முதல் வேலையே டாங்கில் கிடக்கிற பழைய பெற்றோலை இறக்குவதுதான். அதற்கு இப்போது நான் பாவிப்பது, வள்ளத்தின் பின்பக்கம் மாட்டுகிற அவுட்போட் எஞ்சினின் எண்ணெய்க் குழாயில் வருகிற, கையால் அமுக்குகிற கறுப்பு ரப்பர் பல்ப்.

இரண்டு முனையிலும் எண்ணெய்க் குழாய் மாட்டிக் கிளிப் இறுக்கினால் சரி. பல்பின் மேலுள்ள அம்புக்குறி பெற்றோல் பிடிக்கிற கானைப் பார்க்க வேண்டும். நாலைந்து தரம் அமுக்கியதும் பெற்றோல் இறங்கத் தொடங்கும். கான் டாங்கைவிடத் தாழ்வாகத் தரையில் இருந்தால் அப்புறம் அமுக்கத் தேவையில்லை, தானாக ஓடும். நிறுத்துவதற்கு டாங்கிலிருக்கும் முனையை வெளியே எடுத்தால் போதும்.

இதற்கு முன் ஒரு ஹார்ட்வெயர் கடையில் பிளாஸ்டிக் கைப்பம்ப் வாங்கியிருந்தேன். பெற்றோலுக்கும் பாவிக்கலாம் என்றுதான் தந்தார்கள். கொஞ்ச நாளில் அதன் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் குழாய் மஞ்சளாகி, காய்ந்த முருங்கைக்காய் மாதிரி விறைத்துப் போனது. மூட்டில் ஒழுகி முழங்கை வரை நனைக்கும். பெற்றோல் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். விரல் வெளுத்து வெடிக்கும். அதில் இருக்கிற பென்சீன் புற்றுநோய் தரக்கூடியது. கை கழுவக் கூடப் பெற்றோல் எடுக்கிற பழக்கம் நம் கராஜ்களில் இன்னும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவினாலே கிரீஸ் போய்விடும்.

வாயால் உறிஞ்சுகிறவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் ஒரு மோட்டார் சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற எத்தனை பேர் குழாயை வாயில் வைத்தார்கள்! வயிற்றுக்குள் போவதைவிடப் புரையேறி நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு மிடறு போதும், நுரையீரல் வீங்கிவிடும். அப்படி யாருக்காவது நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும்போது மறுபடியும் புரையேறும். 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்னிடம் வேலை பழகுகிற பொடியன்களுக்கு முதலில் கையில் கொடுப்பது இந்தப் பல்பைத்தான்.

பல்ப் இருந்தாலும் நெருப்பு விடயத்தில் கவனம் வேண்டும். மைனஸ் 40 பாகைக் குளிரிலேயே பெற்றோல் தீப்பற்றும் ஆவியை விடும். நம் வெயிலில் கேட்கவா வேண்டும்? அந்த ஆவி காற்றைவிட 3, 4 மடங்கு பாரம். மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து வடிகானுக்குள்ளும் மூலைகளிலும் தங்கும். பின்னேரம் கடையில் விளக்கேற்றிச் சாம்பிராணி போடுகிற நேரத்துக்கு வெகு முன்னமே பெற்றோல் வேலையை முடித்துவிடுவேன். இறக்குவதும் வாசலுக்கு வெளியேதான். குழாய் முனை கானின் அடியைத் தொட வேண்டும். மேலிருந்து தெறித்து விழுந்தால் நிலைமின் சேர்ந்து பொறி வரலாம்.

குறை என்றால், பிளாஸ்டிக் பம்பைவிட விலை கூட. வெயிலில் போட்டு வைத்தால் ரப்பர் வெடிக்கும். பரல் கணக்கில் இறக்குவதற்கும் சரிவராது, கை ஓய்ந்துவிடும்.

வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் வள்ளத்து எஞ்சின் சாமான் விற்கிற கடைகளில் கேட்டுப் பாருங்கள். உங்கள் குழாயில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோனால் அளவு பிழைக்காது. காசு கொடுக்க முதல் அம்புக்குறி போகிற பக்கத்து முனையை விரலால் அடைத்து அமுக்குங்கள். பல்ப் இறுகி நிற்க வேண்டும். சப்பிப் போனால் உள்ளே வால்வு பிழை, வேறொன்று எடுங்கள்.