தோலாவீரா ஒருநாள் சுற்றுலா: போகலாமா?

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பெரிய ரண் எனப்படும் உப்புவெளியால் சூழப்பட்ட காதிர் தீவில் இருக்கும் தோலாவீராவுக்கு, புஜ் நகரிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் ஒருநாள் சுற்றுலாவில் சென்று வந்தேன். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஹரப்பா காலத்து நகரம் இது.

வழிகாட்டியின் விளக்கத்துக்கே முழு மதிப்பெண் தரலாம். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் மன்சர், மன்ஹர் என்னும் இரு ஓடைகளைத் தடுப்பணைகளால் மறித்து, நிலத்தின் சரிவையே பயன்படுத்தி, மதிலை ஒட்டிய நீர்த்தேக்கங்களுக்குத் தண்ணீரைத் திருப்பிய முறையை, கிழக்குத் தேக்கத்தின் படிக்கட்டுகளில் எங்களை இறக்கிக் காட்டியபடியே அவர் விளக்கினார். மொகஞ்சதாரோவைப் போலச் செங்கல்லை நம்பாமல், இந்நகரத்தார் பெருமளவு கல்லைக் கொண்டே கட்டியதை அங்கே கையால் தொட்டே உணரலாம். கோட்டையின் வடக்கு வாயில் அருகே, ஜிப்சத் துண்டுகளைப் பதித்து அமைத்த 10 பெரிய எழுத்துகள் கிடைத்த இடத்தையும் காட்டினார். அவற்றை இன்றுவரை எவரும் ஐயமறப் படித்ததில்லை என்பதை மறைக்காமல் சொன்னது பிடித்திருந்தது. வழிகாட்டிகளில் பலர் இந்த இடத்தில்தான் கதை கட்டுவார்கள்.

நேர ஒதுக்கீடுதான் பெருங்குறை. கைவினைக் கடையில் காத்திருக்க வைத்துவிட்டு, நிழலே இல்லாத அகழாய்வுத் தளத்துக்கு உச்சி வெயிலில் அழைத்துச் சென்றார்கள். அருங்காட்சியகத்தை அவசரமாகவே பார்க்க நேர்ந்தது. உணவு சுமார்தான். முன்பதிவின்போதே கடை நிறுத்தத்தை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். குளிர்காலத்தில் மட்டும் செல்லுங்கள்.