கரையிறங்கிப் பிடிப்பதா, கப்பலிலிருந்தே பிடிப்பதா: சிவிலைசேஷன் 5-இல் கடல்கடந்த படையெடுப்பு

சிவிலைசேஷன் 5 என்ற கணினி வியூக ஆட்டத்தில் படைபலத்தால் வெல்ல நினைப்பவர் எல்லா நாடுகளின் ஆதித் தலைநகரங்களையும் தம் கைக்குள் கொண்டுவர வேண்டும். பான்ஜியா போல ஒரே நிலப்பரப்பாக அமைந்த வரைபடங்களைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றிரண்டாவது கடலுக்கு அப்பால்தான் இருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரே கணினியில் முறைவைத்து இதை ஆடும் எங்கள் சிறு குழுவில் பெரும்பாலோர் தரைப்படையை நம்புகிறவர்கள். மலைக்கோட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு முற்றுகை என்றதும் பீரங்கி நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், கடல்கடந்த போரில் இந்தப் பழக்கம் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். 2013-இல் வந்த பிரேவ் நியூ வேர்ல்ட் விரிவாக்கத்தோடு ஆடுபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதல் வழி கரையிறக்கம். ஆப்டிக்ஸ் என்ற தொழில்நுட்பத்தைக் கற்றதும் தரைப்படைகள் தாமாகவே கடலில் இறங்கும்; அஸ்ட்ரானமி கற்ற பிறகு ஆழ்கடலையும் கடக்கும். தனியாகச் சுமைக்கப்பல் கட்டத் தேவையில்லை என்பதால் இது மலிவான வழியாகத் தோன்றும். ஆனால் இதன் உண்மையான விலை டர்ன்களில், அதாவது ஆட்டச் சுற்றுகளில், கட்டப்படுகிறது. கடலில் இருக்கும் படை தன் இயல்பான வலிமையை இழந்து, எதிரியின் ஒற்றைக் கப்பலுக்கே இரையாகக்கூடும். கரையேறும்போது அதன் நகர்வுப் புள்ளிகள் முழுவதும் தீர்ந்துவிடும். அடுத்த டர்னில் நகரை நெருங்க வேண்டும். கேனன் என்னும் பீரங்கியாக இருந்தால் சுடுவதற்கு முன் அதை நிலைநிறுத்தவும் ஒரு புள்ளி செலவாகும். அதற்குள் நகரும் அதன் காவற்படையும் இரண்டு கட்டத் தொலைவிலிருந்து நம்மைச் சுட்டுக்கொண்டே இருக்கும். வரைபடத்தின் ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்க முடியும் என்ற விதி இந்தச் சிக்கலைப் பெருக்குகிறது. கடற்கரை குறுகலாகவும் காடும் குன்றுமாகவும் இருந்தால், முன்னால் இறங்கிய படை வழிவிடும்வரை பின்னால் வந்தவை நீரிலேயே காத்திருக்க நேரும். டென்மார்க்கை ஆடுபவருக்கு மட்டும் கரையேறும் செலவு ஒரு புள்ளிதான் என்பதால் இந்தக் கணக்கு மாறுகிறது. ஏனையோர் டைனமைட் கற்று, மூன்று கட்டத் தொலைவிலிருந்து சுடும் ஆர்ட்டிலரி கிடைக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

இரண்டாவது வழி கப்பற்படையே நகரைப் பிடிப்பது. 2010-இல் வெளிவந்த மூல ஆட்டத்தில் இதற்கு இடமில்லை. 2012-இன் காட்ஸ் அண்ட் கிங்ஸ் விரிவாக்கம்தான் நெருங்கிப் போரிடும் கப்பல்களைக் கொண்டுவந்து, அவை கரையோர நகருக்குள் நேரே புக வழிசெய்தது. நேவிகேஷன் கற்றவுடன் தொலைவிலிருந்து சுடும் ஃபிரிகேட், நெருங்கிப் போரிடும் பிரைவேட்டியர் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஃபிரிகேட் ஒரு டர்னில் ஐந்து கட்டம் ஓடி, இரண்டு கட்டத் தொலைவிலிருந்து சுடும்; தரைப் பீரங்கியைப் போல நிலைநிறுத்த வேண்டியதில்லை, ஆகவே வந்த டர்னிலேயே சுடலாம். ஆனால் எத்தனை ஃபிரிகேட் சுட்டாலும் நகர் கைமாறாது. இறுதி அடியைப் பிரைவேட்டியர் போல நெருங்கிப் போரிடும் கப்பல்தான் கொடுக்க வேண்டும். எங்கள் குழுவில் பலர் ஃபிரிகேட்டுகளை அணிவகுத்து நிறுத்திவிட்டு, உள்ளே புகுவதற்கு ஒரே ஒரு பிரைவேட்டியரை மட்டும் வைத்திருந்து, அது மூழ்கியதும் முற்றுகையையே கைவிட்டிருக்கிறார்கள். இரண்டாவது இருப்பது அவசியம்.

இந்த வழிக்கு மூன்று கட்டுப்பாடுகள் உண்டு. ஒவ்வொரு ஃபிரிகேட்டுக்கும் ஓர் அலகு இரும்பு தேவைப்படுவதால், சுரங்கத்தில் எவ்வளவு இருக்கிறதோ அதுவே கப்பற்படையின் உச்ச அளவாகிறது. நகரைச் சுற்றி எத்தனை நீர்க்கட்டங்கள் உள்ளன என்பது அடுத்தது: குறுகிய வளைகுடாவின் உள்முனையில் அமைந்த நகரை இரண்டு மூன்று கப்பல்களுக்கு மேல் நெருங்க முடியாது. கடலிலிருந்து இரண்டு கட்டம் உள்ளே இருக்கும் நகரை, இடையில் குன்றோ காடோ மறைக்காதவரை, ஃபிரிகேட் சுடலாமே தவிரக் கப்பல் எதுவும் அதற்குள் புக முடியாது. 1791 நவம்பரில் மாக்ஸ்வெல் தலைமையில் வந்த கும்பினிப் படை கிருஷ்ணகிரியில் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தும், மேல்கோட்டைக்குள் நுழைய இயலாமல் திரும்பியது. கரையோர நகரங்களை அள்ளிய கப்பற்படை உள்நாட்டுத் தலைநகரின் முன் நிற்கும் நிலையும் அத்தகையதே.

மூன்றாவது வழியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. எனக்கு இதுவே மிகவும் பிடித்தது. போருக்கு முன்பே, அமைதிக் காலத்தில், எதிரியின் கண்டத்தில் காலியாகக் கிடக்கும் ஒரு கடற்கரை மூலையில் நம் குடியேறிகளை அனுப்பி ஒரு சிற்றூரை நிறுவிக்கொள்வது. அந்த ஊருக்குப் பெரிய உற்பத்தி இருக்க வேண்டியதில்லை. கருவூலத்தில் பொன் இருந்தால் அங்கேயே படைகளை விலைக்கு வாங்கலாம். இன்று வாங்கிய கேனன் நாளை நகரத் தொடங்கும். அதற்குக் கடல்பயணமும் இல்லை, கரையேறும் இழப்பும் இல்லை. அண்டைநாட்டார் நம் குடியேற்றத்தை வெறுப்பார்கள் என்பது உண்மைதான், ஆனால் எப்படியும் அவர்களோடு போரிடப் போகிறோம். சிட்டி ஸ்டேட் எனப்படும் ஒற்றை நகர நாடு ஒன்றை நட்பாக்கி அதன் எல்லையைத் தளமாக்குவது இதன் எளிய வடிவம். அங்கே படை வாங்க முடியாது, செல்வாக்கும் டர்னுக்கு டர்ன் கரையும், ஆகவே அதைத் துணையாகக் கொள்ளலாமே தவிர அதையே நம்பி இறங்கலாகாது.

இம்மூன்றையும் ஒப்பிடும்போது பெரும்பாலோர் தாக்கும் வலிமையையே அளக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அடிபட்ட படை எங்கே தேறும் என்பதை. தரைப்படை எதிரியின் மண்ணிலும் டர்னுக்குப் பத்து உயிர்ப்புள்ளி மீளும். கப்பலோ, சப்ளை என்ற பதவி உயர்வு பெறாதவரை, நட்பு எல்லைக்குள் வந்தால் மட்டுமே தேறும்; கிரேட் அட்மிரல் என்ற கடற்படைத் தலைவர் ஒரு முறை சுற்றியுள்ள கப்பல்களைச் செப்பனிடலாம், ஆனால் அத்தோடு அவர் மறைந்துவிடுவார். எனவே பன்னிரண்டு கட்டத் தொலைவுள்ள தாயகத் துறைமுகத்துக்குப் போய்த் திரும்பும் ஃபிரிகேட், போரின் பாதிக் காலத்தைப் பயணத்திலேயே கழிக்கும். இதனால்தான் கப்பற்படையின் முதல் இலக்கு தலைநகராக இருக்கக் கூடாது என்று வலியுறுத்துகிறேன். அரண் குறைந்த, நீர்க்கட்டங்கள் நிறைந்த ஒரு சிறு துறைமுகத்தை முதலில் பிடித்து, உடனே ஒரு தரைப்படையை உள்ளே வைத்துக் காக்க வேண்டும், ஏனெனில் புதிதாகப் பிடித்த நகர் வலுக்குன்றியிருப்பதால் எதிரி அதை அடுத்த டர்னிலேயே மீட்க முயல்வார். அது நிலைத்த பிறகு கப்பல்கள் அங்கேயே தேறி, சுழற்சி முறையில் தலைநகரைத் தாக்கலாம்.

தீவுக்கூட்ட வரைபடத்தில் கப்பற்படை வழியே போதும். நேவிகேஷனுக்கு முன்பே கேலியஸ் என்ற பழைய போர்க்கப்பல்களைக் கட்டிவைத்து, கற்ற டர்னில் அவற்றை ஃபிரிகேட்டாக உயர்த்திக்கொள்பவர், எதிரிகளின் மதில்கள் உயர்வதற்குள் முந்திக்கொள்வார். தலைநகர் உள்நாட்டில் இருக்கும் பெருங்கண்டத்தில் சிற்றூரை நிறுவி அங்கிருந்து கேனன்களோடு நடப்பதே சிறந்தது. கப்பல்கள் அப்போது கரையோரத்தை அச்சுறுத்தி எதிரிப்படையைப் பிரித்து வைக்கட்டும். எலெக்ட்ரானிக்ஸ் வந்து, நகர் சுடக்கூடிய தொலைவுக்கு வெளியே மூன்று கட்டத்திலிருந்து சுடும் பேட்டில்ஷிப் கிடைத்துவிட்டால் கரையோர நகர்கள் அநேகமாக ஒரு பொருட்டே அல்ல, ஆனால் அதுவரை காத்திருந்தால் எதிரியும் அதே கப்பல்களோடு நம் கரைக்கு வருவார்.