டொரன்டெஸா, சாவின்யோன் பிளாங்கா?

தென் அமெரிக்க வெள்ளை ஒயின் என்று முடிவானதும் பலர் தடுமாறுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

மணம்
டொரன்டெஸ் (அர்ஜென்டினா): மல்லிகை, ரோஜா, பீச் பழம். முகர்ந்தால் இனிப்பு ஒயின் போலிருக்கும்; குடித்தால் பெரும்பாலும் இனிப்பே இருக்காது, கடைசியில் லேசான கசப்புகூட வரும். மஸ்கட் என்ற மணமுள்ள திராட்சையின் வாரிசு, இந்த மணத்துக்கு அதுதான் காரணம்.
சாவின்யோன் பிளாங்க் (சிலி): எலுமிச்சை, புல், கொஞ்சம் பச்சை மிளகாய்.

ஊர்
டொரன்டெஸுக்கு அர்ஜென்டினாவின் கஃபயாத்தே, சுமார் 1,700 மீட்டர் உயரம். பகலில் சுள்ளென்ற வெயில், இரவில் குளிர். அதனால் புளிப்பு குறைவதில்லை.
சாவின்யோன் பிளாங்குக்கு சிலியின் காசாபிளாங்கா பள்ளத்தாக்கு, பசிபிக் கடலிலிருந்து வரும் மூடுபனி.

சாப்பாடு
முதலாவதுக்கு சால்டா எம்பனாடா (கஃபயாத்தே இருக்கும் சால்டா மாகாணத்தின் சோமாசி போன்ற பண்டம்), உள்ளே சீரகம், மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயத்தாள். உமீதாவும் (சோள மாவை மடலில் பொதிந்து வேகவைப்பது) பொருந்தும். காரமான தாய்லாந்து கறிக்கும் தாங்கும்.
இரண்டாவதுக்கு செவிச்சே (எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை மீன்), சிப்பி, ஆட்டுப்பால் சீஸ். மீனில் பிழிந்த எலுமிச்சைக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு இதில்தான்.

இருப்பு
இரண்டையுமே வருடக்கணக்கில் வைத்திருக்காதீர்கள், இளசாகவே குடிக்க வேண்டும்.

மசாலா மேசைக்கு டொரன்டெஸ், கடல் உணவுக்கு சிலி. பூ மணம் பிடிக்காதவர் வந்தால் யோசிக்காமல் இரண்டாவது. அப்புறம், எதுவானாலும் 8 முதல் 10 டிகிரி செல்சியஸுக்குள் பரிமாறுங்கள்.