22,000 வெள்ளிக்கு வாங்கிய கேட்டமரான் வரைபடம்: படகு கட்ட நினைப்பவர்களுக்கு எச்சரிக்கை

படகு வரைபடங்களை இணையத்தில் விற்கும் ஒரு வடிவமைப்பு அலுவலகத்திடம் 22,000 மலேசிய வெள்ளியைப் பறிகொடுத்துவிட்டு, கோபம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். லங்காவியிலும் அந்தமான் கடலிலும் மாதக்கணக்கில் தங்கிப் பயணிப்பதற்காக, 15 மீட்டர் நீளமுள்ள பாய்மரக் கேட்டமரான் (இரு உடல்களை ஒரு தளத்தால் இணைத்த படகு) ஒன்றைப் பேராக் மாநிலத்தின் லுமூட்டில் கட்டுவது எங்கள் திட்டம். கட்டுமான வரைபடங்கள், கண்ணாடி இழை அடுக்கு அட்டவணை, எடைக் கணக்கு, படகு கவிழாமல் நிற்குமா என்பதைக் காட்டும், ஐஎஸ்ஓ 12217-2 என்ற அனைத்துலகத் தரத்தின்படியான நிலைப்புக் கணக்கு ஆகிய அனைத்தும் அந்த விலைக்குள் அடங்கும் என்று எழுத்திலேயே உறுதி தந்தார்கள்.

நான் முதலில் கேட்டது 17 மீட்டர் படகு. காணொளி அழைப்பில் வந்தவர், நீளம் கூடினால் பாய், கயிறு, கயிற்றை இழுத்துச் சுற்றும் வின்ச், துறைக் கட்டணம் எல்லாமே கூடும் என்றும், இருவர் மட்டும் கையாளும் படகுக்கு 15 மீட்டரே அதிகம் என்றும் சொல்லித் தடுத்தார். விலை கூடிய பொருளை வேண்டாம் என்று சொல்லும் வியாபாரியை யார்தான் சந்தேகிப்பார்கள்? மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன் திடீரென்று அடிக்கும் சுமத்ரா காற்றைப் பற்றியும் அவரே பேச்செடுத்தார். ஒற்றை உடல் படகு சாய்ந்து காற்றை நழுவவிடும், கேட்டமரானோ சாயாமல் நின்று முழு விசையையும் பாய்மரத்தில் வாங்கும், ஆகவே எந்தக் காற்றுக்குப் பாயை எவ்வளவு சுருக்க வேண்டும் என்ற அட்டவணையையும் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். அன்றிரவே 22,000 வெள்ளியை அனுப்பினேன்.

வந்தவை அழகான படங்கள்தான். படகுப் பட்டறையின் மூத்த தச்சர் முதலில் படிக்கட்டைக் காட்டினார்: ஒவ்வொரு படியும் 34 சென்டிமீட்டர் உயரம். கட்டில் 2.7 மீட்டர். கழிப்பறை இருக்கை 57 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தது. காலைத் தொங்கப்போட்டுத்தான் உட்கார வேண்டும். எல்லாவற்றையும் 15க்கு 11 என்ற விகிதத்தில் சுருக்கினால் சரியான அளவுகள் கிடைக்கின்றன. 11 மீட்டர் படகின் வரைபடத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கி என்னிடம் விற்றிருக்கிறார்கள்.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் அல்ல. அந்த விகிதத்தில் நீளம் கூடும்போது எடை ஏறத்தாழ 2.5 மடங்காகிறது; அலையில் இரு உடல்களையும் எதிரெதிராக முறுக்கும் திருப்புவிசை 3.5 மடங்கை நெருங்குகிறது. ஆனால் இரு உடல்களையும் இணைக்கும் குறுக்கு உத்தரத்தின் தடிமனும் இழை அடுக்குகளின் எண்ணிக்கையும் சிறிய படகுக்கு உரியவையாகவே இருந்தன. முழுச் சுமையோடு 9 டன் என்று போட்டிருந்தார்கள். இரு எஞ்சின்கள், நங்கூரச் சங்கிலி, டீசல், தண்ணீர், மின்கலங்கள் எல்லாவற்றையும் கூட்டினால் 12 டன்னுக்குக் குறையவில்லை. இந்த அளவுப் படகு ஏறக்குறைய 300 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் அமிழும். அப்படியானால் இரு உடல்களுக்கும் இடைப்பட்ட தளம் காட்டிய உயரத்தைவிட 10 சென்டிமீட்டர் தாழ்ந்து, ஒவ்வொரு எதிரலையும் அதன் அடியில் அறையும்.

கேட்டபோது, கட்டுபவருக்குப் பார்த்தாலே புரியும் என்றார்கள். பிறகு பொறியாளர் விடுப்பில் இருந்தார். அதன்பின் நிலைப்புக் கணக்கு அவர்களுடைய அறிவுசார் சொத்தாகிவிட்டது. கட்டிலின் நீளத்துக்கு வந்த பதில், உயரமானவர்களுக்கும் வசதியாக இருக்கும் என்பது. கடைசியாக, கோப்பைத் திறந்துவிட்டதால் பணம் திரும்பாது, இது கருத்து வரைபடம் மட்டுமே, உள்ளூர்க் கப்பல் வடிவமைப்பாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டு என் மின்னஞ்சலையே தடுத்துவிட்டார்கள். 22,000 வெள்ளி வாங்கியது பிறகு எதற்காக?

விரிவான ஆலோசனை எழுத இப்போது மனமில்லை. அதே வரைபடத்தில் கட்டி நீரில் இறக்கிய படகு ஒன்றையாவது நேரில் காட்டச் சொல்லுங்கள். எடைக் கணக்கைக் காணாமல் முழுப் பணத்தையும் தராதீர்கள். வங்கி மாற்றல் மட்டுமே வாங்குவோம் என்பவர்களிடம் போகாதீர்கள். என் 22,000 வெள்ளியும் அப்படித்தான் போனது, வங்கி கையை விரித்துவிட்டது.