மெமரி நெருக்கடியை எதை வைத்து அளப்பது?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நண்பர் ஒருவரின் ஆன்லைன் சேவைக் கடை. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், லினக்ஸ். விண்ணப்பக் கடைசி நாள் வந்தால் உலாவியில் டேப் மேல் டேப் திறந்திருக்கும், மவுஸ்கூட நகராது. "ரேம் பத்தலையா அண்ணே, இல்ல டிஸ்க் போச்சா?" என்பார் கடைப் பையன். இதற்குப் பதில் சொல்ல லினக்ஸில் பல அளவுகோல்கள் உண்டு. ஒவ்வொன்றும் அளப்பது வேறு வேறு விஷயம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது ஃப்ரீ கட்டளை காட்டும் காலி மெமரி. இதை நம்ப வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமில் லினக்ஸ் கோப்புகளின் நகலை வைத்துக்கொள்ளும். நன்றாக ஓடும் கணினியிலும் காலி இடம் சொற்பமாகத்தான் தெரியும். அதே வரியில் உள்ள 'அவெய்லபிள்' எண் எவ்வளவோ மேல். ஸ்வாப்பைத் (ரேம் போதாதபோது தரவை ஒதுக்கி வைக்கும் இடம், வழக்கமாக டிஸ்க்கில்) தொடாமல் புது நிரலுக்கு எவ்வளவு தரலாம் என்ற மதிப்பீடு அது. லினக்ஸின் மையமான கர்னல் இதை 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து தருகிறது. ஆனால் அதுவும் இருப்பைத்தான் சொல்லும், திணறலைச் சொல்லாது.

சரி, ஸ்வாப்? அது பாதி நிரம்பியிருப்பதாலேயே பயப்பட வேண்டியதில்லை. காலையில் திறந்து மறந்துவிட்ட நிரல் அங்கே போய்த் தூங்கலாம். விஎம்ஸ்டாட் கட்டளை காட்டும் எஸ்ஐ, அதாவது ஸ்வாப்பிலிருந்து ரேமுக்குத் திரும்பி வருவது, விடாமல் ஓடுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. இதிலும் இரண்டு ஓட்டைகள். ஸ்வாப்பே இல்லாத கணினியில் கர்னல் நிரலின் குறிமுறைப் பக்கங்களையே வெளியேற்றி, அடுத்த நொடி டிஸ்க்கிலிருந்து மறுபடி படிக்கும். கணினி உறைந்து கிடக்க, எஸ்ஐ பூஜ்யமாகவே இருக்கும். ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப்பாக்கும் இசட்ரேம் போட்டிருந்தால் நேர்மாறு: எஸ்ஐ எகிறும், ஆனால் ரேமுக்குள்ளேயே சுருக்கி விரிப்பதால் வேலை பெரிதாகத் தடைபடாது.

இந்த இரண்டு நிலைகளையும் சரியாகப் பிரித்துக் காட்டுவது பிஎஸ்ஐ (Pressure Stall Information), அதாவது பணிகள் காத்து நின்ற நேரத்தின் அளவு. ஃபேஸ்புக்கில் வேலை பார்த்த யோஹானஸ் வைனர் எழுதியது. 2018 இறுதியில் வந்த 4.20 கர்னலில் சேர்ந்தது. புதுச்சேரி மரப்பாலம் சந்திப்பில் எத்தனை வண்டி நிற்கிறது என்று எண்ணாமல், எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளப்பது போன்றது இது. கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் (/proc) அடைவில் 'பிரஷர்' என்பதற்குள் மெமரி கோப்பைத் திறந்தால் இரண்டு வரிகள். 'சம்' (some) என்பது ஒரு பணியாவது மெமரிக்காகக் காத்திருந்த நேரம். 'ஃபுல்' (full) என்பது வேலையுள்ள அத்தனை பணிகளும் ஒரே சமயத்தில் காத்து நின்ற நேரம். கடந்த 10, 60, 300 நொடிகளுக்கான சதவீதம் தனித்தனியே கிடைக்கும். ஆண்ட்ராய்டும் 10-ஆம் பதிப்பிலிருந்து இதைத்தான் பயன்படுத்துகிறது.

பக்கத்திலேயே டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரத்தைச் சொல்லும் ஐஓ என்ற கோப்பும் உண்டு. இரண்டும் சேர்ந்து ஏறினால் ரேம் பற்றாக்குறை. ஐஓ மட்டும் ஏறி மெமரி பூஜ்யத்தில் நின்றால் ரேம் வாங்கிப் பயனில்லை, எஸ்எஸ்டி வாங்குங்கள். இந்தத் தெளிவை வேறெந்த எண்ணும் தருவதில்லை. சில லினக்ஸ் வெளியீடுகளில் பிஎஸ்ஐ அணைக்கப்பட்டிருக்கும்; கணினி தொடங்கும்போது கர்னலுக்குத் தரும் பூட் வரியில் 'psi=1' என்று சேர்த்தால் போதும்.

அளப்பதில் பிஎஸ்ஐதான் என் தேர்வு. அளந்தபின், மெமரி தீரும் நிலையில் நிரலை மூடும் காவலாளி விஷயத்தில் அப்படியில்லை. கர்னலின் சொந்தக் காவலாளி ரொம்பத் தாமதமாக விழிக்கும். பிஎஸ்ஐயை வைத்து முடிவெடுக்கும் சிஸ்டம்டி-ஊம்டி என்ற காவலாளி ஒரு பணிக் குழுவையே மொத்தமாக மூடும்; உலாவி முழுதும் போகும். எர்லிஊம் என்ற இன்னொரு காவலாளி பார்ப்பது பழைய 'அவெய்லபிள்' எண்ணையும் ஸ்வாப்பையும்தான், இரண்டும் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் மூடும் வேலையில் இறங்கும். ஆனால் அது ஒரே ஒரு பணியைத்தான் குறிவைக்கும். குரோம் தன் டேப்களை முதல் பலியாகக் குறித்து வைப்பதால் பெரும்பாலும் ஒரு டேப்தான் போகும். பாதி நிரப்பிய விண்ணப்பங்கள் மற்ற டேப்களில் காத்திருக்கும் கடையில் நான் எர்லிஊமைத்தான் போட்டுத் தருவேன்.