'விதிப்படி படிக்கட்டு' என்று சொல்லி வருபவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை பக்கம் பழைய கட்டடத்தில் கடை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். கடை வாசல் படிக்கட்டையும் கைப்பிடியையும் "கட்டட விதிப்படி" செய்து தருவதாகச் சொல்லும் ஒரு ஒப்பந்ததாரரிடம் எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். பணம் போனதோடு நிற்கவில்லை, எங்கள் கடைக்கு வந்த ஒரு பெரியம்மா விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது அப்பா ஆரம்பித்த நாட்டு மருந்துக் கடை. சாலையை மேலே மேலே போட்டதில் ஒரு காலத்தில் கடை பள்ளத்துக்குள் போய்விட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு நனைந்த பிறகு தளத்தை உயர்த்தினோம். இப்போது நடைபாதையிலிருந்து கடைத் தளம் 60 சென்டிமீட்டர் உயரம். வருகிறவர்களில் பாதிப் பேர் முழங்கால் வலிக்குத் தைலம் கேட்கிற வயதுக்காரர்கள். நல்ல படியும் பிடித்து ஏற ஒரு கம்பியும் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 'பொதுக் கட்டடம்' என்றால் அரசு அலுவலகம் மட்டுமில்லை. பொதுமக்கள் வந்து போகிற தனியார் வணிக இடங்களும் அதில் அடக்கம். அந்த ஆள் இந்தச் சட்டத்தைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பித்தார். "நோட்டீஸ் வந்தா கடையையே மூடணும்ணே, நான் சர்டிஃபிகேட்டோட முடிச்சுத் தர்றேன்" என்றார். சாய்தளம் கேட்டோம். 12 அடி நீளத்துக்கு 1 அடிக்கு மேல் ஏறக் கூடாது என்பது கணக்கு. எங்கள் உயரத்துக்கு 24 அடி வேண்டும், அவ்வளவு இடம் இல்லை என்றார். அது உண்மைதான். அதனால் படியும் இருபுறம் கைப்பிடியும் என்று முடிவானது.

அவர் கொடுத்த வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. தேசியக் கட்டட நெறிமுறை 2016இன்படி கடை போன்ற இடங்களில் படியின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, கால் வைக்கும் அகலம் 30 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. 60 சென்டிமீட்டரை நாலாகப் பிரித்து, வாசலை உள்பக்கமாக மூன்றடி வெட்டி, நாலு ஏற்றமும் எங்கள் எல்லைக்குள்ளேயே வருவதாக வரைந்திருந்தார். கைப்பிடிக்கு 304 ரக எஸ்.எஸ். (எளிதில் துருப்பிடிக்காத எஃகு) குழாய், 16 கேஜ் கனம், ஆங்கர் போல்ட் (கல்லுக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு போல்ட்) போட்டு இறுக்கியது என்று கொட்டேஷனில் எழுதியிருந்தார்.

கடை மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஆட்களைக் கூட்டிவந்து வேலையை முடித்துவிட்டார். திங்கட்கிழமை காலை போனால் வாசலை வெட்டவே இல்லை. படிகள் நடைபாதையில் வந்து இறங்கியிருந்தன. கேட்டதற்கு, "உங்க கடை இடம் வீணாகக் கூடாதுன்னுதான்ணே. கார்ப்பரேஷனை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

டேப் வைத்து அளந்தோம். கீழ்ப்படி 21 சென்டிமீட்டர், அடுத்தது 15, அப்புறம் 14, கடைசி 10. கூட்டினால் 60 சரியாக வரும், ஆனால் நாலும் நாலு உயரம். ஏறும்போது முதல் இரண்டு படியிலேயே கால் ஒரு உயரத்துக்குப் பழகிவிடும். அடுத்த படி அதிலிருந்து ஒரு விரல் அகலம் மாறினாலும் தடுமாறும். இறங்கும்போது இன்னும் மோசம், கண் கீழே தேடும் இடத்தில் தரை இருக்காது. போதாததற்கு, மேலே பளபளவென்று பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட். வெளிப்படிக்கு நெருப்பில் வாட்டிய சொரசொரப்பான கல் போட வேண்டும், குறைந்தது விளிம்பிலாவது கோடு கீற வேண்டும். ஒரு தூறல் விழுந்தாலே எங்கள் படி எண்ணெய் தடவியதுபோல் ஆனது. அப்படி ஒரு மழை நாளில்தான் அந்தப் பெரியம்மா கடைசிப் படியில் சறுக்கிக் கைப்பிடியைப் பிடித்தார். கைப்பிடி அடித்தட்டோடு கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

கழன்ற இடத்தைப் பார்த்தேன். ஆங்கர் போல்ட் எதுவும் இல்லை. கல்லில் துளை போட்டு, பிளாஸ்டிக் கட்டை செருகி, சுவரில் படம் மாட்டுகிற அளவு திருகாணி. அடித்தட்டைச் சுற்றி சிலிக்கான் தடவி மறைத்திருந்தார்கள். வெல்டிங் மூட்டுகளில் அதற்குள் துரு. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம், உப்புக்காற்று சும்மா விடாது. வேறொரு பட்டறைக்காரர் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, இது 304 இல்லை, சீக்கிரம் துருப்பிடிக்கிற மலிவான 202 ரகம் என்றார். காந்தம் வைத்துப் பார்த்து நம்பாதீர்கள், இரண்டு ரகத்திலும் பெரும்பாலும் ஒட்டாது. பில்லில் ரகத்தை எழுதி வாங்கி, குழாயைப் பொருத்தும் முன்பே திரவம் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் மழைநீர் வடிகாலைத் தூர்வார வந்தபோது, மூடிக்கு மேல் உட்கார்ந்திருந்த கீழ் இரண்டு படிகளையும் மாநகராட்சி ஆட்கள் உடைத்து எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நடைபாதை நடப்பவர்களுடையது. ஒப்பந்ததாரருக்கு ஃபோன் போட்டால் எடுக்கவில்லை. சர்டிஃபிகேட் என்று ஒரு காகிதமும் வரவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கடைக்குச் செய்த வேலை 'வணிக நோக்கம்', நீங்கள் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் கடை என்பதற்கு ஆதாரம் எடுத்து வையுங்கள். எங்களிடம் வரைபடமும் கொட்டேஷனும் வங்கி வழியாகப் பணம் போன விவரமும் இருப்பதால்தான் மனுவுக்கு வலு இருக்கிறது என்று வக்கீல் சொன்னார்.

இப்போது வேறொரு மேஸ்திரி வாசலை உள்ளே வெட்டிச் செய்து கொடுத்திருக்கிறார். நாலு ஏற்றமும் 15 சென்டிமீட்டர். கைப்பிடி முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் அப்பால் 30 சென்டிமீட்டர் நீண்டு நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நின்று நிதானித்துத்தான் வயதானவர்கள் முதல் காலை எடுத்து வைக்கிறார்கள். கடையில் மூன்றடி போனது, ஒரு அலமாரியைத் தள்ளிப் போட்டோம், அவ்வளவுதான்.

பழைய ஆள் இப்போது ஐஸ் ஹவுஸ் பக்கம் கடை கடையாக ஏறி இதே பேச்சைப் பேசுகிறார் என்று கேள்வி. உங்கள் வாசலுக்கு வந்தால், ஒவ்வொரு படியின் உயரம், அகலம், குழாயின் ரகம், படி எங்கே முடிகிறது என்பதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத நாளில் வேலை நடக்க விடாதீர்கள். கடைசித் தவணையை அளந்து பார்த்த பிறகே கொடுங்கள்.